இரண்டு விநாடி தூங்கும் வாச்சர்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். எங்கள் லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இம்தியாஸ் நானாவின் கம்யூனிகேஷன் கடையில் நின்ற ஏழெட்டுப் பேருக்கும் தெரிந்துபோனது.

என் பெயர் சுதர்ஷினி. அந்தக் கடையில் டைப் அடிப்பது, போட்டோ கொப்பி எடுப்பது, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் நான்தான். வீடு வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில். வீடு என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்தில் ஒரு காம்பிரா, ஒற்றை அறை, அவ்வளவுதான். போன மாதத்து மழையில் லயங்களுக்குப் பின்னால் இருந்த மலை கொஞ்சம் கீழே இறங்கியது. எங்கள் காம்பிராச் சுவரில் விழுந்த வெடிப்புக்குள் என் கை முழங்கை வரைக்கும் போகும். கீழ்ப் பிரிவுச் சனம் மொத்தமும் பாயும் சட்டியுமாகத் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் வந்து கிடக்கிறது. அப்பாவும், அண்ணன் மகள் மூன்று வயதுக் குட்டியும் அங்கேதான்.

அன்று காலை பத்து மணிக்குத் தோட்டத் தலைவர் அழகுமுத்து போன் எடுத்தார். மண் சரியாத இடமாகப் பார்த்துக் காணி கொடுக்கப்போகிறார்களாம். அதற்குப் பெயர்ப் பட்டியல் அன்றைக்கே நாலு மணிக்குள் ஒன்லைனில் போக வேண்டுமாம்.

"நாலு மணின்னா நாலு மணிதானாம் சுதா. அதுக்கப்புறம் தானாவே மூடிக்கிருமாம். லிஸ்ட்ல இல்லாதவங்க பழைய லயத்துக்கே திரும்பிப் போகணுமாம். நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் சரின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"நான் பாத்துக்கிறேன் தலைவரே. கவலைய விடுங்க," என்றேன். எனக்கு என்ன, வாய்தானே!

இணையப் பக்கத்தைத் திறந்து விதிகளைப் படித்தேன். ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு பட்டியல். ஒரே ஒரு தடவைதான் அனுப்பலாம். காம்பிரா யார் பெயரில் பதிந்திருக்கிறதோ அவருடைய பெயர், அடையாள அட்டை எண், லயம், காம்பிரா இலக்கம். ஓர் எண் குறைந்தாலும் பட்டியல் முழுவதையும் அது ஏற்காது. நான் தலைவரிடம் ஒரு வட்ஸ்அப் குரூப் போடச் சொன்னேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு மெசேஜ், எல்லாம் ஒரே வரியில், நடுவில் கமா. எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்துக் காம்பிராப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும் என்றேன்.

ஒன்றரை மணிக்குள் நூற்றுப் பதினெட்டுக் குடும்ப மெசேஜ் வந்துவிட்டது, எண்ணிப் பார்த்தேன். குரூப்பைச் சும்மா விடுவார்களா? காலை வணக்கம், முருகன் படம், மண்டபத்தில் சாப்பாடு சரியில்லை என்று ஒரு பெரிய வாய்ஸ் சண்டை, அதற்கு நடுவில் நடுவில்தான் விபரங்கள். யாராவது உட்கார்ந்து அந்த நூற்றுப் பதினெட்டையும் பொறுக்கி எடுத்தாக வேண்டும்.

அதற்குத்தான் என்னிடம் வாச்சர் இருந்தான். நானே எழுதி, காவல்காரன் என்று பெயர் வைத்த சின்ன புரோகிராம். படம் கிடம் எதுவும் இல்லை. கறுப்பு ஜன்னலில் வெள்ளை எழுத்து மட்டும். கம்பியூட்டரில் எதைக் கொப்பி பண்ணினாலும் அது கிளிப்போர்ட் என்ற இடத்தில் போய் உட்காரும். அங்கே ஒன்றுக்குத்தான் இடம். அடுத்ததைக் கொப்பி பண்ணினால் முன்னது போய்விடும். என் வாச்சர் அந்த இடத்தை எட்டி எட்டிப் பார்ப்பான். உள்ளே இருப்பது மாறியிருந்தால், புதிதாக வந்ததை ஒரு கோப்பில் கடைசி வரியாக எழுதி வைப்பான். நாம் கொப்பி பண்ணிக்கொண்டே போனால் போதும், பட்டியல் தானாகச் சேரும். இரண்டு மாதமாக விண்ணப்ப வேலைக்கெல்லாம் அவனைத்தான் வைத்திருந்தேன். ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

வெள்ளிக்கிழமை, கடையில் கூட்டம். உதவிக்கு அண்ணியைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தேன். தனுஜா அண்ணி, லோஜன் அண்ணனின் மனைவி. அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறது. அண்ணி கீழ்ப் பக்கத்துப் பணியமலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். மண் சரிந்ததிலிருந்து அந்த மலையில் வேலை இல்லை. அண்ணி கொழுந்து நிறுக்க வந்தால் நிறுவை பார்க்கும் கண்டாக்கே தராசை இரண்டாம் தடவை பார்ப்பார், அப்படிக் கை. மௌஸைப் பிடிப்பது எப்படி, மூன்று தட்டுத் தட்டி வரியை நீலமாக்குவது எப்படி, கொப்பி பண்ணுவது எப்படி என்று பத்து நிமிஷம் காட்டிக் கொடுத்தேன். இரண்டு மணிக்கு அண்ணி உட்கார்ந்தார். நான் போட்டோ கொப்பிக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டேன்.

"முடிஞ்சிருச்சு சுதா," என்று அண்ணி கூப்பிட்டபோது பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"அதுக்குள்ளயா?" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைக் கூட்டத்தை முடித்துவிட்டு, மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோப்பைத் திறந்து வரிகளை எண்ணினேன். எண்பத்து மூன்று. மறுபடி எண்ணினேன். எண்பத்து மூன்றேதான்.

முப்பத்தைந்து குடும்பம் காணவில்லை!

"என்ன அண்ணி இது? நூத்திப் பதினெட்டுல எம்பத்தி மூணுதான் இருக்கு. மிச்சம் முப்பத்தஞ்சு எங்க?"

அண்ணி எழுந்து நின்றுவிட்டார். "நான் எல்லாத்தையும் எடுத்தேன் சுதா. ஒன்னையும் விடல."

"எடுத்திருந்தா இங்க இருக்கணும்ல? கம்பியூட்டர் பொய் சொல்லுமா? ஓடிப்போய் ஓடிப்போய்ச் செஞ்சா இப்பிடித்தான். இது என்ன கொழுந்தா, அங்கொன்னும் இங்கொன்னுமா கிள்ளிட்டுப் போறதுக்கு? முப்பத்தஞ்சு குடும்பம் மண்ணுக்குள்ள போகப் போகுது, தெரியுமா உங்களுக்கு? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. மேசைக்குக் கீழே இருந்த பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு, "நான் வீட்டுக்குப் போறேன்," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

"போங்க!" என்றேன் முதுகுக்குப் பின்னால்.

இம்தியாஸ் நானா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "என்ன புள்ள இது? அந்தப் பொண்ண நாலு பேருக்கு முன்னால இப்பிடியா ஏசுறது? அது வேணும்னா செஞ்சிச்சு?"

"இல்ல நானா, நீங்களே பாருங்க," என்று அண்ணி செய்த மாதிரியே செய்து காட்ட உட்கார்ந்தேன். நான் ஒரு மெசேஜைக் கொப்பி பண்ணினேன். கறுப்பு ஜன்னலில் வந்தது. இன்னொன்று. அதுவும் வந்தது. "பாத்தீங்களா? ஒழுங்காச் செஞ்சா ஒழுங்கா வருது. அவங்க இப்பிடிப் பறந்து பறந்து..." என்று சொல்லிக்கொண்டே, அண்ணியைக் கேலி பண்ணுவதற்காக, நாலு மெசேஜைப் படபடவென்று கொப்பி பண்ணினேன்.

ஜன்னலில் இரண்டுதான் வந்தது.

மறுபடி செய்தேன், இன்னும் வேகமாக. ஐந்துக்கு இரண்டு.

புரோகிராமைத் திறந்தேன். முழுதும் இருபது வரிதான். கடைசி வரியை நான்தான் எழுதியிருந்தேன்: ஒவ்வொரு தடவை பார்த்த பிறகும் இரண்டு விநாடி தூங்கு. பழைய கம்பியூட்டர் சூடாகக் கூடாது என்று போட்டது. நான் கொப்பி பண்ணும் வேகத்துக்கு இரண்டு விநாடி தாராளம். என்னை வைத்துத்தானே சோதித்துப் பார்த்தேன்! இரண்டு கையாலும் கொழுந்து எடுத்துப் பழகியவர் என் கதிரையில் உட்காருவார் என்று நான் நினைத்தேனா? விபரங்கள் அடுத்தடுத்து வந்த இடங்களில், வாச்சர் ஒரு தடவை கண் அசந்து எழும்புவதற்குள் அண்ணி இரண்டு மெசேஜ் எடுத்திருக்கிறார். முதலில் எடுத்ததன் மேல் அடுத்தது போய் உட்கார்ந்துவிட்டது. அண்ணி ஒன்றையும் விடவில்லை. விட்டது என் வாச்சர். இல்லை, நான்.

"நானா, தப்பு என்னோடது," என்றேன்.

"அத அந்தப் பொண்ணுக்குச் சொல்லு," என்றார் நானா. "மொதல்ல வேலையப் பாரு. மூணு அஞ்சாச்சு."

உடனே திருத்தினேன். கிளிப்போர்ட் ஒவ்வொரு தடவை மாறும்போதும் கம்பியூட்டர் தனக்குள் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். அந்த எண் கூடியிருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும், கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. இந்தச் சங்கதி எனக்குத் தெரியும், சோம்பலில்தான் விட்டிருந்தேன். இரண்டு விநாடித் தூக்கத்தை ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்தேன். எத்தனை வரி சேர்ந்தது என்று ஜன்னலிலேயே காட்டவும் ஒரு வரி போட்டேன். அவசரத்தில் ஓர் அடைப்புக்குறியை மறந்து, அது ஓடாமல் நின்று, அதைத் தேடி... மூன்று இருபது ஆகிவிட்டது.

எந்த முப்பத்தைந்து விட்டுப்போனது என்று தேடுவதைவிட முதலிலிருந்து எடுப்பதுதான் நல்லது. உட்கார்ந்து ஆரம்பித்தேன். விரல் வேறு எங்கேயோ போய் விழுகிறது. மூன்று தட்டுக்கு இரண்டுதான் தட்டுப்படுகிறது. முருகன் படம் பெரிதாகத் திறந்துகொள்கிறது. எட்டு நிமிஷத்தில் பதினெட்டுத்தான் எடுத்திருந்தேன். இந்த வேகத்தில் போனால் நாலு மணிக்கும் முடியாது. இம்தியாஸ் நானாவுக்குக் கண்ணாடி இல்லாமல் திரை தெரியாது. இந்த வேலையைச் செய்யக்கூடிய கை ஹட்டனில் ஒன்றுதான் இருந்தது, அதை நான்தான் விரட்டியிருந்தேன்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

மழை, குடைகள், பழ வண்டிகள், "தலவாக்கலை, தலவாக்கலை" என்று கத்துகிற கொண்டக்டர்கள். ஆள் நிரம்பும் வரை நின்ற ஒரு பஸ் அப்போதுதான் புறப்பட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே கூட ஓடினேன். பின்னால் இருந்து மூன்றாவது ஜன்னலில் அண்ணி.

"அண்ணி! எறங்குங்க அண்ணி!"

அண்ணி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தப்பு என்னோடது அண்ணி! நீங்க எல்லாத்தையும் எடுத்தீங்க. நான் எழுதினதுதான் பிழை. உங்க கை வேகத்துக்கு அதால ஓட முடியல. கால்ல வேணும்னாலும் விழுறேன், எறங்குங்க. அங்க முப்பத்தஞ்சு குடும்பம் இருக்கு அண்ணி!" பஸ் தகரத்தில் உள்ளங்கையால் அடித்தேன். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பஸ்ஸுக்குள் இருந்த சிங்களப் பெண் ஒருத்தி எழுந்து மணியை இழுத்தாள்.

அண்ணி இறங்கினார். என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் கடைக்கு ஓடினார்.

மூன்று முப்பத்தாறு. அண்ணி உட்கார்ந்தார். ஈரச் சேலை கதிரையெல்லாம் சொட்டியது. இடது கை விசைப்பலகையில், வலது கை மௌஸில். கறுப்பு ஜன்னலில் எண் ஏறத் தொடங்கியது. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்றுகூட விடவில்லை. நாற்பது, அறுபது, தொண்ணூறு. சாமி, இந்தக் கையைப் போயா ஏசினேன்!

மூன்று நாற்பத்து மூன்றுக்கு நூற்றுப் பதினெட்டு.

பட்டியலை இணையப் பக்கத்தில் ஒட்டி, அனுப்பும் முன் பிழை பார்க்கிற பொத்தானை அழுத்திச் சோதித்தேன். சிவப்பாக ஒரு வரி வந்தது: இரண்டு அடையாள அட்டை எண்கள் தவறு, பட்டியல் ஏற்கப்படமாட்டாது. ஒன்றில் ஓர் இலக்கம் குறைவு. மற்றதில் கடைசி எழுத்து இல்லை. தலைவருக்குப் போன் அடித்தேன். அவர் மண்டபத்துக்குள் ஓடி, "செல்லசாமி, காளியாயி, கார்ட எடுத்துக்கிட்டு வாங்க!" என்று கத்துவது போனில் கேட்டது. செல்லசாமியின் எண் உடனே வந்தது. காளியாயி அக்கா குளிக்கப் போயிருந்தது. அதைக் கூட்டி வந்து, கார்டைத் தேடி எடுத்து, எண்ணைச் சொல்லி முடிக்கும்போது மூன்று ஐம்பத்தைந்து. மறுபடி சோதித்தேன். பச்சை. நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்கள், பிழை எதுவும் இல்லை.

"அல்லாஹ் காப்பாத்தினான்," என்றார் நானா.

பக்கம் லயவாரியாக அடுக்கிக் காட்டிய பட்டியலை நான் மேலிருந்து கீழே ஒரு தடவை உருட்டிக் காட்டினேன். அண்ணி கடைசி லயத்தில் வந்து விரலை வைத்தார்.

"சுதா, நம்ம வீடு?"

"இருக்கும் அண்ணி."

"ஆறாம் லயத்துல நாலாம் காம்பிரா. மூணு இருக்கு, அஞ்சு இருக்கு. நாலு இல்ல."

தேடினேன். மாயாண்டி என்ற அப்பாவின் பெயரே பட்டியலில் இல்லை. குரூப்பில் தேடினேன். அங்கேயும் இல்லை. "நீங்க அனுப்பலியா?" என்று கேட்டேன்.

"நீ கடையில இருக்க, நீ போட்டிருப்பன்னு நெனச்சேன். நீ அனுப்பலியா?"

நான் அனுப்பவில்லை. அண்ணி போட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். அண்ணன் கொழும்பில். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன், அதில் வட்ஸ்அப் ஏது? அடுத்த காம்பிராக்காரர்கள், கடையிலேயே மகள் இருக்கிறாள் என்று இருந்திருப்பார்கள். நூற்றுப் பதினெட்டு மெசேஜ் என்றால் நூற்றுப் பதினெட்டுக் குடும்பம் என்று கணக்குப் போட்டவள் நான். வாச்சர் கொப்பி பண்ணியதைத்தான் பார்ப்பான். யாரும் கொப்பி பண்ணாத ஒன்றை அவன் எப்படிப் பார்ப்பான்?

"அப்பா ஐடி நம்பர் தெரியுமா அண்ணி?"

"தெரியாது சுதா. என்னோடது கையில இருக்கு, அத போட ஏலாதா?"

"காம்பிரா அப்பா பேர்ல. அவரு நம்பர்தான் எடுக்கும்."

மூன்று ஐம்பத்தேழு. ஊர்ச் சனத்தின் எண்களையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்கு அடித்தவள், பெற்ற அப்பாவின் எண் தெரியாமல் நின்றேன். அப்பாவுக்கு அடித்தேன். மணி போகிறது, போகிறது, போகிறது. அண்ணி அழுத்தமாக என் தோளைப் பிடித்திருந்தார்.

"சொல்லும்மா," என்றார் அப்பா. பின்னால் குட்டியின் சத்தம் கேட்டது.

"அப்பா, ஐடி நம்பர் சொல்லுங்க. சீக்கிரம்!"

"இரும்மா, கார்டு பையில. இந்தா எடுக்கிறேன்." ஏதோ உரசும் சத்தம். பொலித்தீன் உறையைப் பிரிக்கிறார். மூன்று ஐம்பத்தெட்டு. "ம்... ஆறு. அப்புறம் மூணு. அப்புறம்... கண்ணாடி இல்லம்மா, இது பூச்சியமா எட்டான்னு தெரியலியே. வெளிச்சத்துக்கு வாறேன் இரு."

"சீக்கிரம்ப்பா."

எங்கள் கடை இன்டர்நெட் லைன் மழைக்கு எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும். கோப்பு போய்ச் சேர முக்கால் நிமிஷமாவது வேண்டும். காத்திருந்தால் எங்கள் காம்பிராவும் சேரலாம். நேரம் தவறினால் நூற்றுப் பத்தொன்பது குடும்பமும் போகும். எண் பாதியோடு அனுப்பினால் அது மொத்தத்தையும் துப்பிவிடும். நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அண்ணி திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அனுப்பு என்பதுபோலத் தலையை ஒரு தடவை ஆட்டினார்.

மூன்று ஐம்பத்தொன்பது ஆனது. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன்.

"பூச்சியம்மா, பூச்சியம்தான்," என்றார் அப்பா. "ஆறு, மூணு, பூச்சியம். எழுதுறியா?"

"எழுதுறேன்ப்பா."

"ரெண்டு. அப்புறம் ஒன்னு. அப்புறம் ஏழு." நிதானமாக, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கிறார் என்று தெரிந்தது. திரையில் நீலக் கோடு பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது. "அப்புறம் நாலு. அப்புறம் பூச்சியம். கடைசியா அஞ்சு, பக்கத்துல ஒரு இங்கிலீஸ் எழுத்து."

திரையில் வந்தது: நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்கள் பதிவு செய்யப்பட்டன. அடுத்த நொடியே பக்கம் மூடிக்கொண்டது. அண்ணி கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேன்ப்பா."

"நல்லது. நம்மளது கெடக்கட்டும், மத்தவங்களோடது எல்லாம் ஒழுங்காப் போயிருச்சா?"

"போயிருச்சுப்பா," என்றேன். "எல்லாம் போயிருச்சு."